பெரட்டுக்களத்து ஆந்தை

செய்த கம்பனியே கைகழுவிவிட்ட கடிகாரத்தைத் தேடித் தேடி வாங்குகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தது மட்டுமில்லை, அவருக்குக் கழுத்தையும் நீட்டியிருக்கிறேன். பெயர் நிமலன். பசறை டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. ஆள் தங்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. இருக்கிற ஒரே வியாதி அந்த மோர்னோ.

மோர்னோ என்பது கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற அலாரக் கடிகாரம். எங்கோ வெளிநாட்டில் செய்தது. சும்மா மணி அடிக்கிற சாமான் இல்லை. தானே இன்டர்நெட்டுக்குள் போய் நேரம் கேட்டு, மழை வருமா என்று பார்த்து, பாட்டுப் போட்டு எழுப்பும். ரொட்டி அகலத்துக்கு ஒரு திரை, அதற்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு உருண்டைக் குமிழ். அந்தக் குமிழைக் கண் என்று நினைத்து எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ஆந்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆந்தையைக் கொண்டுவந்து யாராவது தலைமாட்டில் வைப்பார்களா என்று பக்கத்துக் காம்பரா வீட்டில் கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்ல?

கம்பனி அதைச் செய்வதை நிறுத்திப் பல வருசமாகிறது. ஆனால் உலகம் முழுக்க இவரைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. போலந்தில் ஒரு தபால்காரர், பிரேசிலில் ஒரு பல் டாக்டரம்மா, ஜப்பானில் யாரோ ஒருவர். எல்லாரும் போனில் ஒரு குழு வைத்துக்கொண்டு, யாருடையதற்குத் திரை போனது, யாருடையதற்குக் குரல் போனது என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி விசாரித்துக்கொள்வார்கள். பதுளையில் பழைய எலக்ட்ரோனிக் சாமான் கடை வைத்திருக்கிற றுஷ்தி இவருக்கு உயிர்க் கூட்டாளி. கழிவுச் சாமானுக்குள் ஒரு மோர்னோ தலை காட்டினால் போதும், றுஷ்தி போன் எடுப்பார்; இவர் பதுளை பஸ்ஸைப் பிடித்துவிடுவார். வீட்டில் அலுமாரிக்கு மேலே ஒரு வரிசை, கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய உடைந்தவை. வரும்போது தேங்காய் வாங்கி வாருங்கள் என்றால் மறந்துவிடுவார். மோர்னோவின் முதல் மொடலுக்கும் இரண்டாவது மொடலுக்கும் என்ன வித்தியாசம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

"அப்படி என்னாதாங்க இருக்கு இதுல?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"இங்க பாரு கலா, தலையில லேசா ஒரு தட்டு தட்டினா, சரி இன்னும் கொஞ்சம் தூங்குன்னு விட்டுரும். வேல செஞ்சி அலுத்துப்போன மனுசன நெனச்சி எவனோ ஆசையா செஞ்சிருக்கான். இத போயி வேணாம்னு வீசிட்டானுங்களே."

சொல்லிக்கொண்டே அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையிலிருந்து நமுனுகுலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. இங்கே இரண்டு நேரம் உண்டு. ஒன்று பஸ் நேரம். டவுனில், டிவியில், போனில் ஓடுகிற நேரம் அது. இன்னொன்று பெரட்டு நேரம். காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில், தகரக் கொட்டகைச் சுவரில் ஒரு பழைய கடிகாரம் தொங்கும். அது எப்போதும் கால் மணி நேரம் முந்தித்தான் ஓடும். ஆட்கள் நேரத்துக்கு வரட்டும் என்று தோட்டத்தை நடத்திய யாரோ ஒரு பழைய துரை தள்ளி வைத்ததாம். அவர் போய், அவருக்குப் பிறகு எத்தனையோ துரைமார் வந்து போயும் அந்த முள்ளை யாரும் தொடவில்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கடிகாரம் வைப்போம். கோயில் பூசையும் அதன்படிதான். டவுனுக்கு பஸ் ஏறப் போனால் கால் மணியைக் கழித்துக்கொள்வோம், அவ்வளவுதான். சாயந்தரம் வேலை விடுகிற சங்கு மட்டும் ஆலையில் பஸ் நேரத்துக்கு ஊதும். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த வருசம் எங்கள் டிவிசனுக்கு ஒரு கங்காணி வேண்டும், பொம்பளையாக இருந்தாலும் பரவாயில்லை என்று துரை சொல்லிவிட்டார். கொழுந்து பறிக்கிறவர்கள் முக்கால்வாசியும் நாங்கள்தான். எங்களுக்குப் பின்னால் நின்று "நிரையை விடாதே, முத்தலைப் பறிக்காதே" என்று கத்த மட்டும் இத்தனை காலமும் ஓர் ஆம்பளை வேண்டியிருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை என்று மழுப்ப மாட்டேன், வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓ.எல். வரைக்கும் படித்துவிட்டுத் தலையில் கூடையை மாட்டியவள் நான். மற்றவர் கத்திக் கேட்டது போதும், இனி நான் கத்த வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யா அண்ணனும் கேட்டிருந்தார். அவருக்கும் எனக்கும்தான் போட்டி.

பெரட்டை நடத்துகிறவர் வெளிக்கள உத்தியோகத்தர் பரமலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் திருப்பி அனுப்புவார். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கலாராணி, உம்மட பேரைத்தான் நான் துரைக்குச் சொல்லியிருக்கிறன். ஆனா ஒண்டு. துரை முடிவு சொல்லும் வரைக்கும் நீர் பெரட்டுக்குப் பிந்தக் கூடாது. கங்காணியே பிந்தினா ஆக்கள் எப்பிடி முந்துவினம்?"

"பிந்த மாட்டேங்க ஐயா" என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

அடுத்த வாரமே என் புருசன் என் வயிற்றில் மண்ணை அள்ளிப் போட்டார். பசறைச் சந்தையில் வாங்கிய ஒரு சின்னக் கடிகாரம் என்னிடம் இருந்தது. பெரட்டு நேரத்துக்கு வைத்தது. கறகறவென்று அடிக்கும், ஆனாலும் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்து பார்க்கிறேன், மேசைமேல் வயிறு திறந்து கிடக்கிறது.

"என்னாங்க இது? என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கலா, இதோட ஸ்பீக்கரு இருக்கே, அப்படியே மோர்னோவுக்குள்ள போயி ஒக்காந்திருச்சி! ரெண்டு வருசமா ஊமையா கெடந்தது. இப்ப கேட்டுப் பாரு, என்னா கணீர்னு இருக்கு!"

அப்படி ஒரு சந்தோசம் முகத்தில். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது என்று ஒரு நிமிசம் யோசித்தேன். பிறகு திட்டினேன்.

"சரி சரி, கத்தாத. இனிமே இது ஒன்னோடது" என்று ஆந்தையைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். பெரட்டு நேரத்துக்கு வைத்தீர்களா என்று கேட்டேன். என் கண் முன்னாலேயே கால் மணி முன்னால் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலையில் ஆந்தை புல்லாங்குழல் வாசித்து எழுப்பியது. அதில் குறை சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து, வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். 

"இண்டைக்கு மட்டும் விடுறன்" என்றார் பரமலிங்கம் ஐயா. சிரிக்கவில்லை.

சாயந்தரம் வீட்டில் பிடித்துக்கொண்டேன். அவர் ஆந்தையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ" என்றார்.

"என்னா ஓ?"

"ராத்திரியில அது கம்பனிய கேட்டு தன்னத்தானே திருத்திக்கும் கலா. நாம தப்பான நேரத்த வச்சா அதுக்கு பொறுக்காது. அதானே இதோட பெருமையே!"

"பெரட்டுக்கு பிந்தினா எனக்கு மட்டும் பொறுக்குமா? ஒங்க பெருமைய கொண்டு போயி அடுப்புல போடுங்க."

"மனசுல கால் மணிய கூட்டிக்கயேன். என்னா பெரிய கணக்கா?"

"கூட்டுறதா? ஒரு கையில ரொட்டி, ஒரு கையில சம்பல், வாயில கொண்ட ஊசி. அந்த நேரத்துல எனக்கு கணக்குப் பாடம் வேறயா? பாத்தவொடன தெரியணும், அதான் கடியாரம்."

அவர் எதையெதையோ அழுத்தி, தானே திருத்திக்கொள்வதை நிறுத்திவிட்டதாகச் சத்தியம் செய்தார். சில நாள் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு கம்பனி அங்கிருந்தபடியே அந்தத் திருத்தலை மறுபடியும் போட்டுவிட்டது. யாரைக் கேட்டுப் போட்டான்? வாங்கியவன் வீட்டுக்குள் கை நீட்டி முள்ளைத் திருப்ப இவன் யார்? ஆனால் அதெல்லாம் பிறகு கேட்ட கேள்வி. அன்று காலை நான் பெரட்டுக்களத்துக்கு ஓடிப்போய் நிற்கும்போது ஐயா புத்தகத்தை மூடிவிட்டார்.

"ரெண்டாவது தரம். இண்டைக்குப் பேர் இல்லை, வீட்டை போம். மூண்டாவது தரம் நான் துரைக்கு வேற பேர்தான் சொல்லுவன்."

எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் மூச்சு வாங்க நின்றாள். கருப்பம்மா. கீழ் லயம், என் வயதுச் செட்டுக்காரி, கைக்குழந்தைக்காரி. அவளுக்கும் பேர் இல்லை; பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கீழே இறங்கினோம். நான் ஆந்தையையும் கம்பனியையும் என் புருசனையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். முடியை அள்ளிச் செருகி, அதன்மேல் ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். அவளை எப்போதும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"ஒனக்கு இது ரெண்டாவது தடவ. எனக்கு கணக்கே இல்ல கலா" என்றாள்.

"ஏன், நீ கொஞ்சம் முந்தி கெளம்பினா என்னா?"

"முந்தி கெளம்பி? புள்ளக் காம்பரா டீச்சரு பசற பஸ்ஸுலதானே வர்றாங்க. அவங்க பஸ் நேரத்துக்குத்தான் கதவு தொறப்பாங்க. புள்ளய குடுத்துட்டு நா பேய் மாதிரி ஓடி வந்தா, இங்க ஐயா பொஸ்தகத்த மூடுறாரு. அங்க ஒரு நேரம், இங்க ஒரு நேரம். நடுவுல கெடந்து நாந்தான் ஓடுறேன்."

"ஐயாகிட்ட சொல்றதுதானே?"

"என்னான்னு சொல்லுறது? கடியாரம் பொய் சொல்லுதுன்னா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் என் கவலை எனக்கு. வீட்டுக்கு வந்ததும் ஆந்தையைத் தூக்கி விறகுக்கட்டின்மேல் போட்டுவிட்டு, அன்றிலிருந்து போனில் அலாரம் வைத்து, கோழி கூவுமுன் எழுந்து, பாதித் தூக்கத்தில் பெரட்டுக்குப் போனேன்.

ஐப்பசி பிறந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. கம்பனி, செய்வதை நிறுத்தியது போதாதென்று, இருக்கிறவற்றுக்கு நேரம் சொல்வதையும் நிறுத்தப்போகிறதாம். கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்றால் மோர்னோ வெறும் மணியைக்கூடக் காட்டாது. ஒரு கடிகாரத்தை அப்படியும் செய்து வைத்திருக்கிறார்கள் புத்திசாலிகள். அந்த நாளன்று இவர் கடைக்கு லீவு போட்டுவிட்டு, எல்லா ஆந்தைகளையும் கட்டிலில் வரிசையாக வைத்து, முன்னால் உட்கார்ந்துவிட்டார். போலந்தில், பிரேசிலில் எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களாம். ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் "தேடுகிறேன், தேடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் வந்து, அப்படியே கறுத்துப்போனது. மனிதர் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் எவ்வளவு திட்டியிருந்தாலும், அன்று அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. விறகுக்கட்டில் கிடந்ததைத் துடைத்து நானே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை றுஷ்தி வீட்டுக்கு வந்தார். கையில் கண்ணாடி உடைந்த ஒரு பழைய போன். போலந்துத் தபால்காரர் ஏதோ ஒரு புரோகிராம் எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாராம். அதை அந்தப் போனில் ஏற்றினால், கம்பனி செய்த வேலையை இனி அதுவே செய்யுமாம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காலையிலிருந்து மல்லுக்கட்டினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றி ஊற்றியே களைத்துப்போனேன். மத்தியானம் தாண்டி, ஒரு ஆந்தையின் இரண்டு கண்ணும் பச்சையாக எரிந்து, திரையில் மணி வந்தது.

"வந்துருச்சி! கலா, வந்துருச்சி!" என்று என்னைத் தூக்கிவிட்டார், றுஷ்தி இருக்கிறார் என்றும் பார்க்காமல். றுஷ்தி சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனி கம்பனி இதுதான்" என்று அந்த உடைந்த போனைக் காட்டினார் என் புருசன். "யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. இனிமே நேரத்த நாமளே சொல்லிக் குடுக்கலாம்."

எனக்குப் பொறி தட்டியது.

"நாம என்னா சொன்னாலும் கேட்டுக்குமா?"

"ம், கேட்டுக்கும்."

"ராத்திரியில திருத்திக்காதா?"

"யார கேட்டு திருத்தும்? நம்மளத்தானே கேக்கணும்."

"அப்ப பெரட்டு நேரத்த சொல்லிக் குடுங்க."

அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. "கலா, இது சரியான நேரம் காட்டணும்னுதான் உலகம் பூரா எத்தன பேரு கஸ்டப்பட்டிருக்கோம். செத்து பொழச்சி வந்திருக்கு. வந்தவொடன அதுகிட்ட பொய் சொல்லச் சொல்றியே. எனக்கு மனசு வரல்ல."

"எனக்கு வேல போனா மட்டும் மனசு வருமா?"

"மச்சான், தங்கச்சி கேக்குறத செஞ்சி குடுங்க" என்றார் றுஷ்தி. "வூட்டுல சண்டன்னா அந்த போலந்துக்காரனா வந்து சமாதானம் பேசப் போறான்?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்த இடத்தில், கொழும்புக்குக் கீழே பெரட்டு என்று ஒரு புது ஊரைச் சேர்த்தார். அதை அழுத்தியதும் ஆந்தை கால் மணி முன்னால் தாவி நின்றது. இரவு கழிந்தும் அங்கேயே நின்றது. பிறகு நான் ஒரு நாளும் பிந்தவில்லை. கலா வீட்டு ஆந்தை பெரட்டு நேரம் காட்டுகிறது என்று லயம் முழுக்கப் பேச்சானது. பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்து அவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். சகுனம் பேசிய வாய் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அடைமழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் ஒழுகி, பெரட்டுக்களத்துக் கடிகாரத்துக்குள் தண்ணீர் இறங்கி, அது நின்றுபோனது. மறுநாள் சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது. பரமலிங்கம் ஐயா சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆறே கால் என்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஆறரை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அந்த நேரத்துக்குத்தான் கருப்பம்மா ஓடி வந்தாள். காலெல்லாம் சேறு. எங்கோ வழுக்கி விழுந்திருக்கிறாள். ஐயா அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார், போ என்று. அவள் சேற்றுக் காலோடு திரும்பி இறங்கினாள்.

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அதுவரைக்கும் அதைச் செய்தது ஒரு பழைய கடிகாரம். கடிகாரத்தோடு யார் சண்டை போடுவது? அன்றைக்கு ஒரு மனிதர், சரியான நேரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, வாயால் கால் மணியைக் கூட்டிச் சொல்லி, ஒருத்தியின் ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கெட்டவரும் இல்லை. அப்படிப் பழகிவிட்டது, எங்களைப் போலவே.

மலைக்குக் கிளம்பும்போது ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"கலாராணி, நாளைக்குத் துரை பெரட்டுக்கு வாறார். கங்காணி ஆர் எண்டும் நாளைக்குத்தான் சொல்லுவார். சுவரிலை மணிக்கூடு இல்லாமல் நிண்டா மரியாதை இல்லை. உங்கட வீட்டு ஆந்தை பெரட்டு நேரம் காட்டுமாமே. அதை ஒருக்காக் கொண்டுவந்து கொழுவச் சொல்லும் உம்மட மனுசனை. உமக்கும் நல்ல பேர்தானே."

வீட்டில் சொன்னதும் என் புருசனுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த மோர்னோ நாலு பேர் பார்க்கிற சுவரில் ஏறப்போகிறது என்றால் சும்மாவா? இருப்பதில் பெரிய திரையாகப் பார்த்து எடுத்து, என் பழைய சேலைத்துண்டால் துடைத்துத் துடைத்து மினுக்கினார். ஆந்தையும் அந்தக் கம்பனிப் போனும் சேர்ந்து இருக்க ஒரு பலகை அடித்தார். குழுவுக்கு அதற்குள் போட்டோவும் போய்விட்டது.

"பெரட்டுல வச்சிட்டேன், சந்தோசமா?" என்றார்.

நான் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பிசைந்தேன்.

"கொழும்புல வைங்க."

"என்னா?"

"சரியான நேரத்த வைங்கன்றேன்."

"ஒனக்கு என்னா, காய்ச்சலா? நாளைக்குத்தானே ஒன்னோட வேல விசயம்! இவ்வளவு நாளும் என் உயிர எடுத்தது நீதானே?"

"ஆமா, நாந்தான். நாளைக்கு நா கங்காணியாகுறேன்னு வைங்க. நாளன்னைக்கு கருப்பம்மா ஓடி வர்றா. வந்த நேரம் சரிதான்னு எனக்கு தெரியும். தெரிஞ்சிக்கிட்டே, போடி, பேர் இல்லன்னு நா சொல்லணும். அதுக்கா இந்த வேல எனக்கு?"

"ஐயா கோவிச்சிக்கிட்டா?"

"சரியான கடியாரத்த பாத்து, இது சரியா இருக்கு, தப்பா வையின்னு யாரு சொல்லுவாங்க? கால் மணி முந்தி வரணும்னா வாயத் தொறந்து சொல்லட்டும். எழுதிப் போடட்டும். சங்கத்துக்காரங்க வந்து கேப்பாங்க. இப்படி ஒரு ஆணியில மாட்டி வச்சே தெனம் கால் மணியா எத்தன வருசம் எடுத்துட்டாங்க."

அவர் துடைத்த சேலைத்துண்டை மடித்து வைத்தார். பிறகு ஆந்தையின் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கொழும்பை அழுத்தினார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை, பயம்தான்.

விடியும்போதே கொண்டுபோய் மாட்டிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பனி மூடிக் கிடந்த கொட்டகையில் பச்சை எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. பெண்கள் அவரவர் வீட்டுக் கடிகாரப்படி வந்து, சுவரைப் பார்த்து, ஆந்தை பிந்தி ஓடுகிறதே என்று குசுகுசுத்தார்கள். பரமலிங்கம் ஐயா வந்தார். சுவரைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது பெரட்டு நேரம் இல்லையே பிள்ளை."

"ஆமாங்க ஐயா. இது சரியான நேரம்."

"மாத்தும்."

"எனக்கு மாத்தத் தெரியாதுங்க ஐயா. அவரு பஸ் ஏறிட்டாரு."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இளம் வயதுத் துரை, கண்டிப் பக்கத்துச் சிங்களவர். இறங்கினதும் அவர் கண் ஆந்தையின் மேல்தான் போனது. கிட்டப்போய்ப் பார்த்தார், குமிழைத் தொட்டுப் பார்த்தார், கையில் கட்டியிருந்த கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு. டைம் கரெக்ட்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஐயா, இது இங்க இருக்கட்டும்."

பரமலிங்கம் ஐயா பேனாவைப் பிடித்தபடி நின்றார். வழக்கமாகப் புத்தகத்தை மூடுகிற நேரம் வந்து போனது. ஆந்தையில் இன்னும் நேரம் இருந்தது. துரை பக்கத்தில் நிற்கிறார். அப்போதுதான் கருப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இளைக்க இளைக்க ஓடி வந்தாள். கொட்டகைக்குள் யாரும் கலையாமல் நிற்பதைப் பார்த்து மிரண்டுபோய் நின்றுவிட்டாள்.

"கருப்பம்மா" என்று பேர் கூப்பிட்டார் ஐயா.

"ஆமாங்க" என்றாள் அவள். அது கேள்வி மாதிரி இருந்தது.

எல்லாரையும் கூப்பிட்டு முடிந்ததும் துரை திரும்பி, கங்காணிக்கு யார் பேர் என்று கேட்டார். ஐயா புத்தகத்தைப் பார்த்தார், மூடினார்.

"வீரய்யா" என்றார்.

 வீரய்யா அண்ணனே நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். துரை போன பிறகு ஐயா எனக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாகப் பேசினார்.

"நீர் செய்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை, கலாராணி. ஆனா என்னைக் கேளாமல் செய்தீர். கேளாமல் செய்யிற ஆளைக் கங்காணியாப் போட்டு நான் என்னெண்டு வேலை வாங்கிறது?"

"கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா ஐயா?"

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நானும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். வழியெல்லாம் அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பெருந்தன்மையெல்லாம் எனக்குக் கிடையாது. இன்றைக்கும் வீரய்யா அண்ணன் பின்னால் நின்று "கலா, முத்தலைப் பறிக்காத" என்று கத்தும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. அந்தக் குரல் என் குரலாக இருந்திருக்க வேண்டியது. ஆந்தை இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. துரையே இருக்கட்டும் என்று சொன்னதை யார் எடுப்பது? தகரத்துக்குக் கீழே நின்று ஊருக்கே மணி சொல்கிற மோர்னோ உலகத்தில் இது ஒன்றுதான் என்று என் புருசன் குழுவில் பீற்றிக்கொள்கிறார். போலந்துத் தபால்காரர் வாரத்துக்கு ஒரு தடவை அதை நலம் விசாரிக்கிறார்.

லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாகக் கடிகாரங்களைத் திருப்பி வைத்தார்கள். அதற்குச் சில நாள் பிடித்தது. போன வாரம் ஒரு நாள் பெரட்டில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பாதையில் கருப்பம்மா வந்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். பக்கத்தில் வந்து நின்றதும்தான் பார்த்தேன். தலையில் துண்டு இல்லை. எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, தலை சீவிப் பின்னியிருந்தாள்.

"என்னா கலா அப்படி பாக்குற?" என்றாள்.

"ஒன்னுமில்ல" என்றேன். எத்தனையோ வருசமாக ஒன்றாக வேலை செய்கிறோம். அவள் முடி அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.